கடன்பட்டார் சொல்லும் வாசகம்

வக்கீல், முன்சீப், அமீனா, நாசர், தாவா, வாய்தா, ஜாமீன், ஜப்தி, ராஜி, ஆஜர் - தமிழகத்து நீதிமன்ற வாயில்களில் அன்றாடம் புழங்கும் இச்சொற்களைப் பாட்டன்மார் காலந்தொட்டு நாம் கேட்டு வருகிறோம். இவை யாவும் அரபு மொழியில் வேர்கொண்டு, பாரசீகத்தின் வழியே ஆட்சித்துறைக்குள் புகுந்து, நவாபுகள் காலத்திலும் கும்பெனியார் காலத்திலும் தமிழோடு கலந்துவிட்டவை. தாவா என்பது உரிமைக் கோரிக்கை. ஜாமீன் என்பது பிறர் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்பவர். ராஜி என்பது மனம் ஒப்புதல். வாய்தா என்பது வாக்குறுதி. வாக்குறுதியைக் குறித்த சொல் நாளடைவில் வழக்கைத் தள்ளிப்போடும் நாளைக் குறிக்கலாயிற்று என்பது மொழி ஆடிய விளையாட்டு. முன்சீப் என்ற சொல் 'நிஸ்பு' எனும் வேரிலிருந்து வருவது. நிஸ்பு என்றால் பாதி. இரு தரப்பாருக்கும் சரிபாதியாக நின்று நீதி வழங்குபவரே முன்சீப். அமீன் என்றாலோ நம்பிக்கைக்குரியவர். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மக்கத்து மக்கள் சூட்டிய பெயரே அல்அமீன் அன்றோ!

இத்துணை உறவுடைய சொற்கள் நம் வீட்டு வாயிலுக்கு வரும்போது மட்டும் அந்நியமாகி விடுகின்றன. விருதுநகரின் கடைத்தெருக்களிலும், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடியிருப்புகளிலும் அமீனா கையில் தாளோடு நுழைந்தால் என்ன நடக்கிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். கதவு சாத்தப்படும். ஆள் ஊரில் இல்லை என்று உள்ளிருந்தே ஒரு பெண்குரல் சொல்லும். பதிவுத் தபால் வந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவார்கள். தாளைக் கையால் தொடாதவரை வழக்குத் தம்மைத் தொடாது என்றொரு நம்பிக்கை. கடன் வழக்கு மானக்கேடு, அதற்கு மறுமொழி சொல்லப் புகுவது அந்த மானக்கேட்டை ஊரறிய ஒப்புக்கொள்வது என்றோர் அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. நம் சமுதாயத்தாருக்கு மட்டும் உரிய அச்சமன்று இது. கரிசல் பூமியில் எல்லாச் சமூகத்தாரிடமும் உண்டு. ஆனால் கடன்பட்டவர் வாய் திறந்து பேசும் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது என்பதை அறிந்தால், நம்மவர் அஞ்சுவது சற்று வியப்பாகவே இருக்கும்.

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. குறித்த தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்தர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது என்றெல்லாம் அவ்வசனம் விதிக்கிறது. இவை பலரும் அறிந்தவை. பலரும் கவனியாது கடந்துவிடும் ஒரு விதி அதனுள் இருக்கிறது. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர். கடன்பட்டவரே சொல்ல வேண்டும் என்பது இறைக்கட்டளை. அவர் இறைவனை அஞ்சி, எதையும் குறைக்காது சொல்லட்டும் என்கிறது வசனம். அவர் அறிவிலோ வலுவிலோ குறைந்தவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். எப்படியும் வாசகம் கடனாளியின் பக்கத்திலிருந்தே வர வேண்டும். கொடுக்கும் கை வலிமையுடையது. வாங்கும் கை எளியது. எளியவரின் நாவில் வாசகத்தை வைத்ததன் மூலம் அந்த ஏற்றத்தாழ்வு அங்கேயே சமன் செய்யப்படுகிறது.

இனி நம் ஊர்ப்பக்கத்து வழக்கத்தைப் பார்ப்போம். விருதுநகர் பருத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் பெயர் பெற்ற சந்தை; அங்கு வாணிபம் பெரும்பாலும் தவணையில் நடப்பது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின் தழைத்த சிவகாசியில், தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் ஆண்டெல்லாம் உழைப்பை உண்பவை. பட்டாசுக்கோ ஆண்டில் ஒரு பண்டிகைதான் பெருவிற்பனை. சரக்கு முன்னே போகும். பணம் பின்னே வரும். இடைப்பட்ட மாதங்களைக் கடன்தான் நிரப்புகிறது. முதலாளி வட்டிக்கு வாங்குகிறார். முகவர் முதலாளியிடம் வாங்குகிறார். தொழிலாளி முகவரிடம் முன்பணம் வாங்குகிறார். 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோதும், 2020இல் பெருந்தொற்று வந்தபோதும் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இறுகியது.

இச்சங்கிலியில் மிகுதியும் புழங்கும் பத்திரம் புரோநோட்டு. அதில் வாசகத்தை யார் சொல்கிறார்கள்? எவரும் சொல்வதில்லை. வருவாய்த் தலை ஒட்டிய வெற்றுத் தாளில் கடன்பட்டவர் கையொப்பமிட்டுக் கொடுத்து வருகிறார். தொகை, வட்டி, தேதி மூன்றும் பிறகு, வேறொருவர் கையால் நிரப்பப்படுகின்றன. இறைவசனம் கடனாளிக்கு வழங்கிய உரிமையை அவரே மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறார் என்றே நாம் இதைக் கருதுகிறோம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமோ, இவ்வாறு கையொப்பமிட்டுத் தந்தவர் அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் தந்ததாகவே கொள்கிறது. மேலும், அத்தாளில் கண்ட பணம் உண்மையில் கைமாறியது என்றே அச்சட்டம் முதலில் அனுமானிக்கிறது. அந்த அனுமானம் உடைக்க முடியாததன்று. ஆனால் உடைக்க வேண்டியவர் கடன்பட்டவர். வாய் திறவாதவர் அதை எங்ஙனம் உடைப்பார்?

கோரப்படும் கடனெல்லாம் கொடுபட வேண்டிய கடனாகிவிடாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய சான்று ஒன்றுண்டு. அது ஒரு நவாபின் கடன். சிவகாசியும் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய வட்டாரம் அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாபு வாலாஜா முகம்மது அலியின் ஆட்சியுரிமைக்கு உட்பட்டது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலால் இன்றும் நினைவுகூரப்படும் அந்நவாபு, போர்ச் செலவுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் கும்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். பால் பென்பீல்டு முதலானோர் கொள்ளை வட்டிக்குக் கொடுத்தனர். சீமைகளின் நிலவரி கடன்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் நலிந்த குடியானவரே அவ்வட்டியைக் கட்டினர் என்று சொன்னால் மிகையாகாது.

1784இல் இலண்டனில் அமைந்த மேற்பார்வைக் குழு, இக்கடன்களின் உண்மையை விசாரியாமலே கொடுத்துத் தீர்க்க ஆணையிட்டது. 1785 பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்டு பர்க்கு நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை அதனை எதிர்த்தே எழுந்தது. உரை வரலாற்றில் நின்றது, ஆணையும் நின்றது. நவாபு 1795இல் காலமாகித் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அடக்கமானார். 1801இல் கருநாடகம் முழுவதையும் கும்பெனி எடுத்துக்கொண்டதும் மேலும் பலர் கடன் சீட்டுகளோடு வந்து நின்றனர். இம்முறை ஒவ்வொரு சீட்டையும் விசாரிக்க 1805இல் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அது கால் நூற்றாண்டுக் காலம் உட்கார்ந்து ஆராய்ந்தது. விளைவு என்ன? கோடிக்கணக்கான பவுன் மதிப்பில் வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கு கூட உண்மையெனத் தேறவில்லை. எஞ்சியவை தள்ளுபடியாயின. விசாரியாதபோது முழுத் தொகை. விசாரித்தபோது பத்தில் ஒன்றுக்கும் குறைவு! ஒரு நவாபின் பெயரால் எழுதப்பட்ட சீட்டுகளின் நிலையே இதுவாயின், தீப்பெட்டித் தொழிலாளியின் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

நவாபின் சீமை கும்பெனியின் மாவட்டமானபின் எளியவரின் கடன் வழக்கு எங்கே நடந்தது என்ற கேள்வி எழும். சர் தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816இல் பிறந்த ஒழுங்குமுறைகள் கிராமத் தலைவரையே கிராம முன்சீபு ஆக்கின. பத்து ரூபாய் வரையுள்ள வழக்கை அவர் தீர்க்கலாம். அதற்கு மேல் இருநூறு ரூபாய் வரை மாவட்ட முன்சீபு. சிறு வழக்குக்குச் சிறு நீதிமன்றம், அதுவும் வழக்காடுவோர் நடந்துபோய்த் திரும்பும் தொலைவில் என்பது நல்ல எண்ணமே. இதற்கு வெளியே நாடார் பெருமக்களுக்கு உறவின்முறை இருந்தது. நமக்கு ஜமாஅத் இருந்தது. கொடுக்கல் வாங்கல் தகராறுகளை அங்கேயே பேசி முடித்தவர்கள் பலர். ஆயினும் எழுதப்பட்ட சீட்டும் முத்திரையும் பெருகப் பெருக, பேச்சின் இடத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

வட்டியின் வரலாற்றையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம். 1802இல் சென்னை மாகாணத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வட்டி கூடாதென விதி இருந்தது. 1855இல் வட்டித் தடைச் சட்டங்கள் நாடு முழுவதும் நீக்கப்பட்டன. ஒப்புக்கொண்ட வட்டி எதுவாயினும் செல்லும் என்றாயிற்று. வட்டியை ஹராம் எனக் கொள்ளும் முஸ்லிம், அக்காரணத்தை மட்டும் சொல்லி நீதிமன்றத்தில் வட்டியிலிருந்து விடுபட இயலாது. பிறகு 1957இல் லேவாதேவிக்காரர் சட்டமும் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும் தமிழகத்தில் வந்தன. வந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாயிலில் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாடு கண்டது. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. கடன்பட்டவர் கையில் இருப்பது வேறு.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டறிந்தது தக்காணத்தில் நடந்த ஒரு கலகம். 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா என்ற சந்தையூரில் தொடங்கி, அகமதுநகர் வரை குடியானவர்கள் லேவாதேவிக்காரர் வீடுகளுக்குள் புகுந்தனர். பெரும்பாலும் அவர்கள் தேடியது பொன்னையன்று, பத்திரங்களை. கிடைத்தவற்றை நடுத்தெருவில் குவித்துக் கொளுத்தினர். விசாரித்த ஆணையம் கண்ட உண்மைகளுள் ஒன்று, கடன் வழக்குகளில் பெரும்பாலானவை பிரதிவாதி வராமலே ஒருதலையாகத் தீர்ந்தவை என்பது. அதனால் 1879இல் பிறந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், நீதிபதியே பிரதிவாதியை அழைத்து வாய்மொழி கேட்க வேண்டும், பத்திரத்தோடு நின்றுவிடாமல் கடனின் கதையை ஆதிமுதல் விசாரிக்க வேண்டும் என்று விதித்தது. கடன்பட்டவரின் வாசகத்தை நீதிமன்றமே தேடிச் சென்று கேட்ட சட்டம் இது. நம் மாகாணத்துக்கு அது வரவில்லை.

நம் மாகாணத்துக்கு வந்தது 1938ஆம் ஆண்டுச் சட்டம். இராஜாஜி அமைச்சரவை இயற்றிய சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் வாங்கிய கடனில் 1937 அக்டோபர் முதல் நாள் வரை நின்ற வட்டி முழுவதையும் துடைத்தெறிந்தது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகும் என்றது. பெருமந்தத்தில் விலை வீழ்ந்து தவித்த கரிசல் விவசாயிக்கு அது பேருதவி. ஆனால் நெசவாளிக்கும் தீப்பெட்டித் தொழிலாளிக்கும் அதில் இடமில்லை. நிலம் உடையவருக்கே சட்டம். இடம் இருந்தவரும், முன்பே தீர்ப்பான கடனைக் குறைக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்கு மனுவோடு வந்து கேட்டாக வேண்டும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது சிவகாசி வட்டாரத்துக்கு நேரே பொருந்தும் சட்டமாக அது அமைந்தது. பெற்றோர் முன்பணம் வாங்குவதும், அது தீரும்வரை பிள்ளைகள் விடியுமுன் எழுந்து ஆலை வண்டியில் ஏறிப் போவதும் அன்று ஊரறிந்த செய்தி. குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென ஆணையிட்டதும் சிவகாசியை முன்வைத்தே. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உழைப்பை அடகாகக் கொண்ட முன்பணம் கடனே ஆகாது. அதை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கே தொடுக்க இயலாது. அத்தகைய கடன் இதுவென்று தொழிலாளி சொல்லிவிட்டால், அல்லவென்று மெய்ப்பிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் மேல் விழுகிறது. எத்தகைய பாதுகாப்பு! ஆனால் 'சொல்லிவிட்டால்' என்ற ஒரு சொல்லில் அத்தனையும் தொங்குகிறது. நீதிமன்றத்தின் முன் வருவது சாதாரணப் புரோநோட்டு. அதன் பின்னால் உள்ள தீப்பெட்டிக் கட்டுகளை நீதிபதி எப்படி அறிவார்?

ஆகவே அழைப்பாணை வந்த நாளில் நாம் சாத்தும் கதவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டப்படி பிரதிவாதி வீட்டில் இல்லையெனில், உடன் வாழும் வயதுவந்த குடும்பத்தினர் ஒருவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், அழைப்பாணையைத் தரலாம். வாங்க மறுத்தால் வீட்டு வெளிக்கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பதிவுத் தபாலை மறுத்துத் திருப்பினால், சேர்ப்பித்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம். ஆக, கதவைச் சாத்தியவருக்கும் ஆணை வந்து சேர்ந்துவிடுகிறது. தெருவாருக்குத் தெரியக்கூடாதென்று அஞ்சிய தாள் தெருவைப் பார்த்த கதவிலேயே ஒட்டப்படுகிறது என்பதுதான் மிச்சம்.

குறித்த நாளில் பிரதிவாதி வராவிடில் ஒருதலைத் தீர்ப்பு. யமனுக்கு நீதிபதியாக அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்களுக்கு, ஒருவர் சொல்லைக் கேட்டது போல் மற்றவர் சொல்லையும் கேளாமல் தீர்ப்புரைக்க வேண்டாம் என அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இன்றைய சட்டமும் அதையே செய்ய முற்படுகிறது. ஆனால் கேட்கப்பட வேண்டியவரே ஒளிந்துகொண்டால் சட்டம் காத்திராது. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரலாம். அதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களே தவணை. அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால் மட்டும் அறிந்த நாளிலிருந்து எண்ணப்படும். 1887ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் சிறுவழக்காயின் கெடுபிடி அதிகம். தீர்ப்புத் தொகையைக் கட்டிய பிறகோ, அல்லது நீதிமன்றம் ஏற்கும் பிணை கொடுத்த பிறகோதான் அம்மனுவையே ஏற்பார்கள். வந்து பேசியிருந்தால் செலவில்லாது கிடைத்திருக்கும் செவி, வராததால் முழுத் தொகை கேட்கிறது.

வந்தவருக்கோ முதல் கதவு அகலத் திறந்தே இருக்கிறது. அழைப்பாணை சேர்ந்த 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும்; தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சுருக்க முறையில் தொடுக்கும் வழக்காயின் பத்து நாட்களில் ஆஜராக வேண்டுமாதலால், தாளில் எது எழுதியிருக்கிறதென அன்றே படித்தறிதல் நலம். காசோலை திரும்பியதற்கான வழக்கு முற்றிலும் வேறு; அது குற்றவியல் நீதிமன்றத்தது; வராதவரைப் பிடிவாரண்டு தேடி வரும்.

எதிர்வழக்குரையில் என்ன சொல்லலாம்? நாம் இதனை வக்கீலுக்கு மாற்றாக எழுதவில்லை. எனினும் வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். வாங்கியது இவ்வளவுதான், எழுதப்பட்டது அதிகம் என்பது. வாங்கியதில் இவ்வளவு திருப்பிக் கொடுத்தாயிற்று, இதோ ரசீது, இதோ வங்கிக் கணக்கு என்பது. கையொப்பம் என்னுடையதன்று என்பது. கடன் கொடுத்து மூன்றாண்டுகள் கடந்தன என்பது. காலவரையறை கடந்த வழக்கைப் பிரதிவாதி கேளாவிடினும் நீதிமன்றம் தள்ள வேண்டும் என்பது சட்டம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கெடு முடிவதற்குள் சிறு தொகை கட்டி, அதைக் கடனாளி கையெழுத்தோடு சீட்டின் பின்புறம் வரவு வைத்தால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். நூறு ரூபாய் வரவென்று எவரோ எழுதிய பொய் மேலெழுத்தொன்றினால் செத்த கடன் உயிர்பெற்ற கதைகள் முன்சீப் நீதிமன்றங்களில் ஏராளம். அந்த வரவு என்னுடையதன்று என்று சொல்லக் கடன்பட்டவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பணமே இல்லை, கடனும் உண்மை என்றால் போய் என்ன பயன் என்று சிலர் கேட்பர். பயன் உண்டு. தீர்ப்புச் சொல்லும்போதே தவணைகளாகக் கட்டும்படி ஆணையிட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வந்த தரப்பினரின் சொல்லைக் கேட்டு அவர் அதைச் செய்வார். தீர்ப்பு முடிந்தபின் தவணை கேட்டால் வாதியின் சம்மதம் வேண்டும். வாதிக்கு மனமில்லாவிடில் வழியில்லை. வீட்டின் கட்டில், சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, கைவினைஞனின் கருவி, கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்பதும் பலர் அறியாதது. சிறையைப் பற்றிய அச்சமும் மிகையானது. கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய இயலாது. 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், கொச்சி வங்கி வழக்கில், வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு முரணென்று தீர்ப்பளித்தார். வசதி இருந்தும் வஞ்சகமாய்க் கட்ட மறுப்பவருக்கே சிறை.

அந்த வஞ்சகத்துக்கு நம் மார்க்கத்தில் ஒரு நிழலும் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பதை அநியாயம் என்றே அண்ணலார் (ஸல்) குறிப்பிட்டார்கள். ஒருவர் தமக்குரிய கடனைக் கடுஞ்சொல்லால் கேட்டபோது தோழர்கள் சினந்தனர். உரிமையுடையவருக்குப் பேச உரிமையுண்டு எனக் கூறி அவர்களை அண்ணலார் தடுத்தார்கள். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கி நின்றார்கள். அபூகதாதா (ரலி) அக்கடனுக்குத் தாம் பொறுப்பென ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். ஜாமீன் என்ற சொல்லின் முழுப் பொருளும் அங்கே இருக்கிறது. எனவே எதிர்வழக்குரை என்பது கடனிலிருந்து தப்பும் தந்திரமன்று. குறைக்காது சொல்ல வேண்டும் என்ற வசனக் கட்டளை, கூட்டி எழுதப்பட்டதை மறுக்கும்போதும் கடன்பட்டவரைக் கட்டுப்படுத்துகிறது. பத்தாயிரம் வாங்கியவர் ஒன்றுமே வாங்கவில்லை என்று சத்தியம் செய்வதும், பத்தாயிரம் கொடுத்தவர் முப்பதாயிரம் என்று எழுதுவதும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

மதீனத்துப் பள்ளிவாசலில் நடந்த ஒரு சிறுவழக்கை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. கஅபு பின் மாலிக் (ரலி), இப்னு அபீ ஹத்ரத் (ரலி) என்பாரிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளியிலேயே கேட்டார். இருவர் குரலும் உயர்ந்தன. கடன்பட்டவர் ஓடி ஒளியவில்லை. எதிரே நின்று தம் நிலையைப் பேசினார் என்பதை அவ்விரு குரல்களே காட்டுகின்றன. வீட்டினுள் இருந்த அண்ணலார் (ஸல்) திரையை விலக்கி, கஅபை அழைத்துப் பாதியைத் தள்ளுமாறு கையால் சைகை காட்டினார்கள். தள்ளிவிட்டேன் என்றார் கஅபு. உடனே கடன்பட்டவரை எழுந்து மீதியைக் கட்டச் சொன்னார்கள். முன்சீப் என்ற சொல்லின் வேரிலிருக்கும் 'நிஸ்பு' அங்கே ஒரு கையசைவாக நின்றது.

விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோதும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்தது. அங்கும் வட்ட நீதிமன்றங்களிலும் மக்கள் நீதிமன்றம் கூடும் நாட்களில் கடன் வழக்குகள் பல ராஜியில் முடிகின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவருக்கும் இணங்க ஒரு காரணம் உண்டு. பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருகிறார்கள். மேசையின் ஒரு பக்கம் கொடுத்தவர், மறுபக்கம் வாங்கியவர். அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மாதந்தோறும் எவ்வளவு முடியும் என்று கடன்பட்டவரைக் கேட்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.